ஓட்டு என்பது நன்றியா, சாட்சிக் கையெழுத்தா?

பில்_போடுறவன் | செவ்வாய் இரவு 10.42

கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜவுளிக்கடைகளுக்கு பில் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு கடையில் வாடிக்கையாளர் பெயரைத் தமிழிலேயே அச்சடிக்கச் சொன்னார்கள். தாளில் பெயருக்கென்று நான் ஒதுக்கியது 12 எழுத்து. அதற்கு மேல் போனால் வெட்டிவிட வேண்டும். எப்படி வெட்டுவது என்று தேடினேன். ஒரு கேள்வி-பதில் தளத்தில் ரெண்டே வரியில் பதில் இருந்தது, ஏற்கெனவே நூற்றுச்சொச்சம் ஓட்டு. எடுத்து ஒட்டினேன். 'ராமு' போட்டுப் பார்த்தேன், சரி. 'மாரியம்மாள்' போட்டுப் பார்த்தேன், சரி. ஓட்டுக்கான மேல் அம்பைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் கடை முதலாளி போன். "தம்பி, முத்துலட்சுமி அக்கா பில்லு 'முத்துலட்சும'ன்னு வருது. அந்தம்மா பேரு ஏழெழுத்து. பன்னெண்டு எழுத்து வரைக்கும் வரும்னு நீங்கதான சொன்னீங்க?" அதே நாள் கிருஷ்ணமூர்த்தி என்று ஒருவர் 'கிருஷ்ணமூர்த' ஆகிப் பையோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

காரணம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். நமக்கு 'மு' ஓரெழுத்து. கம்ப்யூட்டருக்கு ம ஒன்று, உகரக் குறி ஒன்று. புள்ளியும் அதற்குத் தனிக் கணக்கு. முத்துலட்சுமி நமக்கு 7, அதற்கு 13. கிருஷ்ணமூர்த்தி நமக்கு 8, அதற்கு 15. மாரியம்மாள் 11-இல் முடிந்துவிட்டதால் என் சோதனையில் தப்பித்தாள்.

பதில் எழுதியவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் ஆங்கிலத்தை மனசில் வைத்து எழுதியிருக்கிறார். என் குடைச்சல் வேறு. அந்த நூற்றுச்சொச்சம் ஓட்டில் என்னுடையதும் ஒன்று. நாளைக்கு இன்னொரு தமிழ்ப்பையன் வந்து, இத்தனை பேர் சொல்கிறார்களே என்று எடுத்துக்கொண்டு போவான். ஊரில் யாராவது பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டால், எங்கப்பா முதலில் கண்ணாடியைத் தேடுவார். முழுசாகப் படிக்காமல் பேனாவைத் தொட மாட்டார். நான் 'ராமு'வை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நீங்களெல்லாம் எப்போது ஓட்டுப் போடுவீர்கள்? படித்த உடனேயா, வேலை செய்த பிறகா, மறுநாளா?


அரைத்தூக்கம் | செவ்வாய் இரவு 11.15

அண்ணே, ரொம்ப யோசிக்கிறீங்க.

நான் ராத்திரி ஷிஃப்ட். மூணு மணிக்கு சர்வர் படுத்துக்கிடக்கும், மேனேஜர் மெசேஜ் மேல மெசேஜ், அப்ப எவனோ ஒரு புண்ணியவான் எட்டு வருஷம் முன்னாடி எழுதி வச்ச பதிலால சர்வர் எந்திரிக்கும். அம்பைத் தட்டுறேன். அது நன்றிதான். நன்றிய வேற எங்க சொல்றது? புரோகிராம் எழுதுறவங்களோட கேள்வி-பதில் தளம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, அதுல "ரொம்ப நன்றி"ன்னு கமென்ட் போட்டா, அதெல்லாம் எழுதாதே, பிடிச்சிருந்தா ஓட்டைப் போடுன்னுதான் சொல்லுவாங்க. அந்த மேல் அம்பு மேல மவுஸை வச்சா என்ன வரும்? இந்தப் பதில் பயனுள்ளதுன்னு வரும். சரியானதுன்னு வராது. எனக்குப் பயன்பட்டுச்சு, தட்டினேன். கணக்கு நேர்.


பழையசோறு | புதன் காலை 6.30

அரைத்தூக்கம் சொல்வது விதிப்படி சரி. ஆனால் பயன்பட்டது என்று அவர் முடிவு செய்வது மூணு மணிக்கு. விளைவு தெரிவது மூணு மாதம் கழித்து. அதுதான் சிக்கல்.

ஜாவா மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் பலருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காக.

2010-இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு கேள்வி. கோப்பின் அளவு பைட்டில் இருக்கிறது, அதை மனுஷன் படிக்கிற மாதிரி கேபி, எம்பி என்று காட்ட என்ன வழி? ஆண்ட்ரியாஸ் லுண்ட்ப்ளாட் என்பவர் பதில் போட்டார். மற்றவர்கள் சுற்றிச் சுற்றி வகுத்துக்கொண்டிருந்தபோது, இவர் மடக்கைக் கணக்கை வைத்து லூப்பே இல்லாமல் நாலைந்து வரியில் முடித்திருந்தார். பார்க்க அழகாக இருந்தது. ஓட்டு குவிந்தது. பிறகு செபாஸ்டியன் பால்டெஸ் என்ற ஆய்வாளர், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பதில்களிலிருந்து ஜிட்ஹப் என்ற நிரல் கிடங்கில் உள்ள திட்டங்களுக்குப் போன ஜாவா நிரல் துண்டுகளை எடுத்துப் பார்த்தபோது, மிக அதிகமாக நகலெடுக்கப்பட்டது இதுதான் என்று தெரிந்தது. ஆயிரக்கணக்கான இடங்களில் உட்கார்ந்திருந்தது.

அதில் பிழை இருந்தது. 9,99,999 பைட் கொடுத்தால் '1.0 எம்பி' என்று வர வேண்டும். வந்தது '1000.0 கேபி'. அலகை முடிவு செய்த பிறகு எண்ணை முழுமையாக்கியதால் வந்த வினை. கண்டுபிடித்து 2019-இல் ஊருக்குச் சொன்னது யார் தெரியுமா? எழுதிய லுண்ட்ப்ளாட்டேதான். மிக அதிகம் நகலெடுக்கப்பட்ட என் துண்டு தப்பானது என்று தானே கட்டுரை எழுதினார், பதிலையும் திருத்தினார்.

ஒன்பது வருஷம். ஓட்டுப் போட்டவர்கள் சோம்பேறிகள் என்று நான் சொல்லவில்லை. 9,99,999 பைட் கோப்பு யார் கைக்கு வரும்? 'மாரியம்மாள்' போலத்தான் எல்லோரும் சோதித்திருப்பார்கள். அவர்கள் ஓட்டுப் போட்டது அந்த அழகுக்கு. நானும் போட்டேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.


கேள்விக்குறி_9 | புதன் காலை 9.05

காலேஜ் மூணாம் வருஷம். எனக்கு போன மாசம் வரைக்கும் ஓட்டுரிமையே இல்ல. ஸ்டாக் ஓவர்ஃப்ளோல 15 புள்ளி இருந்தாத்தான் மேல் அம்பு எண்ணிக்கையில சேரும், இல்லன்னா குறிச்சு வச்சுக்குவாங்க, வெளிய காட்டாது. இப்பத்தான் 15 தாண்டினேன்.

தாண்டின உடனே, எனக்கு ரெண்டு தடவை உதவின ஒரு அண்ணனோட ப்ரொஃபைலுக்குப் போய் வரிசையா இருபது பதிலுக்குத் தட்டிவிட்டேன். மறுநாள் பார்த்தா அவ்வளவும் காணோம். நான் எதுவும் தப்பு பண்ணினேனா?


பழையசோறு | புதன் காலை 9.20

தம்பி, நீங்கள் செய்தது மொய். ஒரே ஆளுக்குக் குறுகிய நேரத்தில் வரிசையாக ஓட்டு விழுந்தால் அதைப் பிடிக்கிற நிரல் அங்கே உண்டு. அது தானாகவே திருப்பி எடுத்துவிடும். மேல் அம்பானாலும் கீழ் அம்பானாலும் அதே கதிதான். ஆளுக்கு ஓட்டு இல்லை, பதிலுக்கு ஓட்டு என்பதுதான் அங்கே கணக்கு. கல்யாண மொய் நோட்டு மாதிரி அவர் எனக்குச் செய்தார், நான் அவருக்குச் செய்கிறேன் என்று ஆரம்பித்தால், அடுத்து நாலு பேர் சேர்ந்து ஒரு வட்டம் போட்டு ஒருத்தருக்கொருத்தர் புள்ளி ஏற்றிக்கொள்வார்கள். ஒரு மேல் ஓட்டுக்குப் பதில் எழுதியவருக்கு 10 புள்ளி கிடைக்கிறது, கேள்வி கேட்டவர் அதை ஏற்றுக்கொண்டு பச்சை டிக் போட்டால் 15. அதனால்தான் காவல்.

அந்த அண்ணனின் இருபது பதில்களையும் படித்தீர்களா?


கேள்விக்குறி_9 | புதன் காலை 9.24

ரெண்டு படிச்சேன் சார்.


சுண்டக்காய் | புதன் மதியம் 1.10

மென்பொருள் டெஸ்டிங்கில் பதினாலு வருஷம் ஓட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன். பில்_போடுறவன் சார் 'ராமு', 'மாரியம்மாள்' என்று ரெண்டே பேரில் சோதித்தது எனக்குக் காலையிலிருந்து வயிற்றைப் பிசைகிறது. :)

என் வழக்கம் இது. பதில் வேலை செய்தால் ஓட்டுப் போட மாட்டேன், அந்த டேபை மட்டும் மூடாமல் வைத்திருப்பேன். சாயங்காலம் அதை உடைக்கப் பார்ப்பேன். வெற்றுப் பெயர், ஒற்றை எழுத்து, எல்லைக்கு ஒன்று முன்னால், ஒன்று பின்னால், நடுவில் ஒரு எமோஜி, ஒரு 'ஸ்ரீ', ஒரு 'க்ஷ'. உடையாமல் நின்றால் மறுநாள் காலையில் ஓட்டு. உடைந்தால் எங்கே உடைந்தது என்று கமென்ட். ஓட்டு எனக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டின் கடைசி வரி மாதிரி.

வேலை செய்கிறது என்பதற்காகப் போடும் ஓட்டில் பெரிய ஆபத்து பாதுகாப்பு விஷயத்தில்தான். 2017-இல் ஜெர்மனியில் ஒரு ஆய்வு. 13 லட்சம் ஆண்ட்ராய்டு செயலிகளைப் பார்த்ததில் 15.4 சதவீதத்தில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து வந்த பாதுகாப்பு சம்பந்தப்பட்ட துண்டுகள் இருந்தன. அப்படி இருந்தவற்றில் 97.9 சதவீதத்தில் குறைந்தது ஒரு துண்டாவது பாதுகாப்பற்றது.

அந்த மாதிரித் துண்டுகள் எப்படி வாழ்கின்றன என்று நினைக்கிறீர்கள்? சர்வரோடு பேசும்போது அதன் அடையாளச் சான்றிதழ் சரியில்லை என்று பிழைச்செய்தி வருகிறது. ஒருவர் வந்து, எல்லாச் சான்றிதழையும் நம்பு என்று எழுதிவிடு என்கிறார். பிழைச்செய்தி போய்விடுகிறது. எல்லோருக்கும் சந்தோஷம், ஓட்டு. வீட்டில் ஃபீஸ் அடிக்கடி போகிறதென்று ஃபீஸ் கட்டையில் தடிமனான கம்பியைச் சுற்றி வைப்பார்களே, அதேதான். அப்புறம் ஃபீஸ் போகவே போகாது.


அரைத்தூக்கம் | புதன் மதியம் 1.38

அக்கா, நீங்க சொல்ற மாதிரி ஒவ்வொரு பதிலுக்கும் உலைவச்சு வடிச்சுப் பார்த்துத்தான் ஓட்டுன்னா, இந்த உலகத்துல யாருக்கும் ஓட்டே விழாது. காசு வாங்காம எழுதுறவன் அந்த ஒரு எண்ணைப் பார்த்துத்தான் அடுத்த பதில் எழுதுறான். நான் ரெண்டு வருஷமா பதில் எழுதுறேன். பாதிக்கு மேல பூஜ்யம்லயே நிக்குது. "இதுதான் எனக்கு ஓடுச்சு"ன்னு கமென்ட் போட்டவன்கூட அம்பைத் தொடல. ஓசில சாப்பிட்டுட்டு இலையக்கூட மடிக்காம போறான்.


சுண்டக்காய் | புதன் மதியம் 1.51

ஓடியது என்று சொல்லிவிட்டு ஓட்டுப் போடாமல் போனவன் தப்பு. அதில் உங்கள் பக்கம்தான் நான்.


நூலாம்படை | புதன் இரவு 8.47

நீங்கள் எல்லோரும் கொடுத்துவைத்தவர்கள். ஓட்டிப் பார்க்க நிரல் இருக்கிறது. நான் வரலாற்றுக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறவன். அங்கே எதை ஓட்டிப் பார்ப்பது?

தமிழில் கேள்வி-பதில் தளங்களில் பழமை பற்றி யாராவது கேட்டால் இரண்டு வகைப் பதில் வரும். ஒன்று, குமரிக்கண்டம், பல்லாயிரம் ஆண்டு, கடலுக்கடியில் நகரம். இன்னொன்று, கீழடியில் கிடைத்த கரிமாதிரிகளில் பழையது கி.மு. 580-ஐ ஒட்டியது என்று 2019-இல் மாநிலத் தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது, தமிழகத்தில் நகர வாழ்வின் தொடக்கம் முன்பு நினைத்ததைவிடப் பின்னால் போகிறது, அதன் பொருள் இது, இன்னும் தெரிய வேண்டியது இது. எதற்கு ஓட்டு கொட்டும் என்று நான் சொல்லவா வேண்டும்?

ஒன்று சொல்கிறேன், சண்டைக்கு வராதீர்கள். லெமூரியா என்ற பெயரை வைத்தது 1864-இல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர். லெமூர் என்ற சின்ன விலங்கு மடகாஸ்கரில் இருக்கிறது, அதன் உறவு விலங்குகள் இந்தியாவில் இருக்கின்றன, நடுவில் கடல். அப்படியானால் நடுவே ஒரு நிலம் இருந்து முழுகியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். அன்றைக்கு அது நியாயமான ஊகம். கண்டங்களே நகர்கின்றன என்று பின்னால் நிலைநாட்டப்பட்டதும் அந்த நிலத்துக்குத் தேவையில்லாமல் போயிற்று. நம் பழைய இலக்கியத்தில் கடல்கோள் பற்றிய குறிப்பு உண்டு. அது தனி விஷயம், தனியாகப் பேச வேண்டியது. இரண்டையும் ஒட்டித் தைத்ததுதான் இன்று பகிரப்படுகிற குமரிக்கண்டப் படம்.

இதை நான் ஒருமுறை பதிலாக எழுதினேன். ஓட்டு விரல்விட்டு எண்ணலாம், வசவு எண்ண முடியவில்லை.

அதனால் எனக்கென்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். படிக்கும்போதே மனசு இனித்தால், அன்றைக்கு ஓட்டு இல்லை. என் ஊர், என் சாதி, என் மொழி, என் கட்சியைப் புகழ்கிற பதிலில் ஏதாவது ஒரு தகவலையாவது மூலத்தில் போய்ப் பார்த்த பிறகுதான் அம்பு. கசப்பான பதிலுக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டியதில்லை. அதை நாம் எப்படியும் பத்துத் தடவை சோதிப்போம்.


மட்டுறுத்துநர் | புதன் இரவு 9.02

குமரிக்கண்டத்துக்கு ஏற்கெனவே மூன்று இழைகள் இருக்கின்றன. தயவுசெய்து அங்கே போங்கள். இங்கே ஓட்டு மட்டும்.


பனங்கிழங்கு | வியாழன் காலை 5.58

வணக்கம். ஊர் யாழ்ப்பாணம், இருக்கிறது டொரன்டோவில. நீங்கள் எல்லாரும் ஓட்டு எண்டுறியள், எங்களுக்கு அது வாக்கு. பரவாயில்லை.

நூலாம்படை அண்ணை சொன்ன இனிப்பு ஒருபக்கம். இன்னொரு இனிப்பு இருக்கு, அது அந்த எண். பதிலுக்குப் பக்கத்தில 400 எண்டு கண்டால் வாசிக்க முன்னமே பாதி சம்மதம் வந்திடும். 2013-இல 'சயன்ஸ்' இதழில ஒரு பரிசோதனை வந்தது. லெவ் முச்னிக், சினான் அரால், ஷான் டெய்லர் எண்டு மூண்டு பேர் செய்தது. ஒரு செய்தித் தளத்தில ஐஞ்சு மாசமாய் வந்த 1,01,281 பின்னூட்டங்கள். அதுகள் வந்து விழுந்த உடனேயே, குலுக்கல் மாதிரி, சிலதுக்குச் சும்மா ஒரு மேல்வாக்கு, சிலதுக்கு ஒரு கீழ்வாக்கு, மிச்சத்துக்கு ஒண்டுமில்லை. ஆர் என்ன எழுதினது எண்டு பார்க்கவே இல்லை. அந்த ஒரேயொரு பொய் மேல்வாக்கு விழுந்ததுகளுக்கு, அடுத்து வாசிக்கிற ஆள் மேல்வாக்குப் போடுற சாத்தியம் 32 வீதம் கூடிச்சுது. கடைசிக் கணக்குச் சராசரியாய் 25 வீதம் கூட. கீழ்வாக்கு விழுந்ததுகளுக்கு வேற ஆக்கள் வந்து மேல்வாக்குப் போட்டுச் சரிக்கட்டிட்டினம். ஏத்தி விடுறது ஒட்டிக்கொண்டு நிக்குது, இறக்கி விடுறது நிக்கேல்லை.

அப்ப பில்_போடுறவன் கண்ட அந்த நூறு வாக்கில எத்தினை பேர் உண்மையாய்ச் சோதிச்சவை, எத்தினை பேர் முன்னால நிண்ட ஆளைப் பார்த்துக் கை தூக்கினவை?

நான் பிரவுசரில ஒரு சின்ன விதி எழுதி வச்சிருக்கிறன், வாக்கு எண்ணிக்கை என்ர கண்ணுக்குத் தெரியாது. எல்லாப் பதிலையும் வாசிச்சு, எதுக்கு வாக்கு எண்டு முடிவெடுத்துப் போட்டுத்தான் திறந்து பார்க்கிறனான். ஹேக்கர் நியூஸ் எண்ட கணினிச் செய்தித் தளத்திலையும் மற்ற ஆக்களின்ர பின்னூட்டத்துக்கு விழுந்த புள்ளியைக் காட்டுறேல்லை. திறந்து பார்க்கேக்க சில நேரம் வெக்கமாய் இருக்கும், நான் தெரிஞ்செடுத்தது கடைசியில கிடக்கும். சில நேரம் பெருமையாயும் இருக்கும், அதே காரணத்துக்காக.


அரைத்தூக்கம் | வியாழன் காலை 7.12

கடைசில கிடக்கிற பதில் பத்திப் பேச்சு வந்ததால சொல்றேன். இதுதான் எனக்கு உண்மையான வலி.

கேள்வி வந்த ரெண்டாவது நிமிஷம் ஒருத்தன் ரெண்டு வரி எழுதிருவான். மூணாவது நிமிஷம் ஓட்டு. நான் டீயை ஆறவிட்டு, ஓட்டிப் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முக்கால் மணி நேரம் கழிச்சுப் போடுவேன். அதுக்குள்ள கடை சாத்தியாச்சு. அதனால இப்பல்லாம் நான் மேல இருந்து படிக்கிறதில்ல. நேரா கடைசிப் பதிலுக்குப் போய் அங்க இருந்து மேல வர்றேன். நல்லா இருந்து ரெண்டோ மூணோ ஓட்டுல கிடந்தா, அதுக்கு என் ஓட்டு கட்டாயம். தொள்ளாயிரம் இருக்கிறதுக்கு என் ஓட்டு எதுக்கு? அது அங்க சும்மா ஒரு எண். கீழ கிடக்கிறதுக்குப் போட்டா அது ஒரு படி மேல ஏறும், நாலு பேர் கண்ணுல படும்.

நேத்து நன்றின்னு பேசினவன் இன்னிக்கு மாத்திப் பேசுறேன்னு நினைக்காதீங்க. நன்றி சொல்லணும்னா தேவைப்படுறவனுக்குச் சொல்லுவோம்னுதான்.


பழையசோறு | வியாழன் காலை 8.40

இது நல்ல கணக்கு. வரிசை எப்படி வருகிறது என்று பார்த்தால் இன்னும் புரியும்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நெடுநாள், கேள்வி கேட்டவர் டிக் போட்ட பதில் எவ்வளவு ஓட்டு வாங்கியிருந்தாலும் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது. 2021-இல் அதை எடுத்தார்கள். கேட்டவருக்கே விஷயம் தெரியாமல்தானே கேட்டார், அவர் டிக் எப்படிக் கடைசித் தீர்ப்பாகும்? ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில் 2009-இல் வேறு மாற்றம் வந்தது. மேல் ஓட்டிலிருந்து கீழ் ஓட்டைக் கழித்து வரிசைப்படுத்தினால் முதலில் வந்தவனுக்கே லாபம் என்பதால், 1927-இல் எட்வின் வில்சன் சொன்ன ஒரு புள்ளியியல் சூத்திரத்தை எடுத்துக்கொண்டார்கள். எத்தனை பேர் என்பதோடு எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதும் அதில் சேரும். 10 மேல், 1 கீழ் வாங்கிய பின்னூட்டம், 40 மேல், 20 கீழ் வாங்கியதற்கு மேலே போய் உட்காரும். சாதாரணக் கழித்தலில் 9-க்கு 20, இது தோற்றுப்போயிருக்கும்.

ஆக அங்கே கீழ் ஓட்டுக்கு உண்மையான வேலை இருக்கிறது. நம் ஆட்கள் கீழ் அம்பைத் தொடவே கூச்சப்படுகிறார்கள். எழுதினவர் வருத்தப்படுவாராம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு பதிலைக் கீழே தட்டினால் அவருக்கு 2 புள்ளி போகும், தட்டியவருக்கும் 1 போகும். கையிலிருந்து ஒரு ரூபாய் வைத்துத்தான் குற்றம் சொல்ல முடியும். எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் விலகி. 2012-இல் வந்த ஒரு கேள்வி, வரிசைப்படுத்திய எண்களை இந்த நிரல் ஏன் வேகமாகக் கூட்டுகிறது என்று. அதற்கு விழுந்த பதில் அந்தத் தளத்தில் மிக அதிக ஓட்டு வாங்கியவற்றில் ஒன்று. பிராசசர் அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முன்கூட்டியே ஊகிக்கிற வேலையை, ரயில் தண்டவாளம் பிரிகிற இடத்தில் நிற்கிற ஆளை வைத்து விளக்கியிருப்பார். வண்டி எந்தப் பக்கம் போகும் என்று நிறுத்திக் கேட்டால் நேரம் போகும், ஊகித்துத் திருப்பிவிட்டால் மிச்சம், ஊகம் தப்பினால் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். அந்த அளவுகளை நான் என் கணினியில் அளந்து பார்க்கவில்லை. ஆனாலும் ஓட்டுப் போட்டேன், இன்றைக்கும் வருத்தமில்லை. அதை நான் எங்கும் எடுத்து ஒட்டப் போவதில்லை. புரிந்துகொண்டேன், அவ்வளவுதான். சுண்டக்காய் அம்மாவின் விதி எடுத்து ஒட்டுகிற பதிலுக்குப் பொருந்தும். புரியவைக்கிற பதிலுக்கு வேறு தராசு வேண்டும்.


சுண்டக்காய் | வியாழன் காலை 11.25

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது புரியவைப்பது போல எழுதுவதுதான் மலிந்துவிட்டது. 2022 டிசம்பரில் சாட்ஜிபிடி எழுதிய பதில்களை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை செய்ததற்குச் சொன்ன காரணமே அதுதான். பார்க்க நன்றாக இருக்கிறது, எழுதச் சுலபமாக இருக்கிறது, தப்பு நிறைய இருக்கிறது. முன்பெல்லாம் நீளமாக, தலைப்புப் போட்டு, பொறுமையாக எழுதியிருந்தால் ஆள் மெனக்கெட்டிருக்கிறார் என்று ஒரு ஓட்டு கொடுக்கலாம். இப்போது நீளம் எதற்கும் அத்தாட்சி இல்லை.

சரி, பில்_போடுறவன் சார், முத்துலட்சுமி அக்கா என்ன ஆனார்?


பில்_போடுறவன் | வியாழன் இரவு 10.20

வந்துட்டேன். எல்லாவற்றையும் ரெண்டு தடவை படித்தேன்.

முதலில் என் ஓட்டைத் திரும்ப எடுக்கப் பார்த்தேன். முடியவில்லை. போட்டு ஐந்து நிமிடம் கடந்தால் ஓட்டு பூட்டிக்கொள்ளும், அந்தப் பதிலில் யாராவது திருத்தம் செய்தால்தான் திறக்கும் என்று செய்தி வருகிறது. பத்திரம் பதிவான பிறகு சாட்சி கையெழுத்தை அழிக்க முடியாத மாதிரி.

அப்புறம் கேள்வியைத் திரும்பப் படித்தேன். முதல் தடவை நான் கேள்வியைப் படிக்கவே இல்லை, தலைப்பைப் பார்த்துவிட்டு நேராகப் பதிலுக்குத் தாவியிருக்கிறேன். கேட்டவர் ஆங்கிலத் தலைப்புகளைத்தான் வெட்டக் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் சரி. அப்படியானால் மற்ற நூறு பேரும் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். மாற்றிப் போட்டது நான் ஒருத்தன். இது இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது.


பனங்கிழங்கு | வியாழன் இரவு 10.41

தமிழ் ஆக்களும் தேடி வாற இடம் எண்டபடியால் ஒரு குறிப்பு அதுக்குக் கீழ கிடக்கோணும். கீழ்வாக்கு வேண்டாம், கருத்து எழுதுங்கோ. 50 புள்ளி இருந்தால் எழுத விடும். அந்த ஆளின்ர நிரலை நீங்களே திருத்தப் போகாதேங்கோ, எழுதினவரின்ர நோக்கத்தை மாத்திறது எண்டு நிராகரிச்சுப்போடுவினம்.


சுண்டக்காய் | வியாழன் இரவு 10.55

எழுத்தாகப் பிரிப்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியிலேயே செக்மென்ட்டர் என்று ஒன்று உண்டு. 2020-இல் குரோமில் வந்தது, ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல்தான் வந்தது. அதில் போட்டால் முத்துலட்சுமி 7 என்றே வரும். ஆனால் 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டையும் ரெண்டாகப் பிரிக்கும். 'லக்ஷ்மி'யை அந்த இடத்தில் வெட்ட நேர்ந்தால் 'லக்' என்று நிற்கும். கருத்தில் அதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் உங்கள் கருத்துக்கு விழும் ஓட்டுக்கும் இதே இழையை மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.


பழையசோறு | வெள்ளி காலை 6.15

பில் தாளுக்கு எழுத்தை எண்ணுவதே தப்பு, சார். 'ணை' எடுக்கிற இடமும் 'ர' எடுக்கிற இடமும் ஒன்றா? 80 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டர் என்றால் பெரும்பாலும் குறுக்கே 576 அச்சுப் புள்ளி. தமிழை எப்படியும் படமாக மாற்றித்தானே அனுப்புகிறீர்கள். பெயரை வரைந்து அகலத்தை அளந்து, தாண்டினால் ஒவ்வொரு எழுத்தாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். 12 என்ற எண்ணையே தூக்கிப் போடுங்கள்.


கேள்விக்குறி_9 | வெள்ளி காலை 8.33

சார், இந்தப் பதிலுக்கு ஓட்டுப் போட இங்க பட்டன் இல்லையே.


பழையசோறு | வெள்ளி காலை 8.35

முதலில் ஓட்டிப் பாருங்கள் தம்பி.


மட்டுறுத்துநர் | வெள்ளி காலை 10.00

சிலர் அந்தப் பதிலின் சுட்டியைத் தனிமடலில் கேட்டிருக்கிறார்கள். யாரும் கொடுக்க வேண்டாம். இங்கிருந்து கூட்டமாகப் போய்க் கீழ் அம்பு தட்டுவது மொய்யைவிட மோசம்.


பில்_போடுறவன் | ஞாயிறு மாலை 4.50

கடையில் இப்போது அகலம் அளந்துதான் அச்சாகிறது. முத்துலட்சுமி அக்கா முழுசாக வருகிறார். முதலாளி, எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்க முடியுமா என்று அடுத்ததை ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பதிலுக்கு அடியில் கருத்துப் போட்டேன். 7-க்கு 13 கணக்கு, 'க்ஷ' விஷயம் எல்லாம் எழுதினேன். எழுதியவர் அதை எழுதிப் பல வருஷம் ஆயிற்று, பார்க்கவே மாட்டார் என்று நினைத்தேன். நேற்று அவரே வந்து திருத்தியிருக்கிறார். ஆங்கிலத்துக்கு மேலே உள்ளது போதும், இந்திய மொழிகள் போன்றவற்றுக்குக் கீழே உள்ளதைப் பயன்படுத்துங்கள் என்று செக்மென்ட்டரை வைத்து இன்னொரு துண்டு சேர்த்திருக்கிறார். எடுத்துக்காட்டாக என் முத்துலட்சுமியையே போட்டிருக்கிறார்!

திருத்தம் விழுந்ததால் என் ஓட்டும் திறந்துகொண்டது. இப்போது எடுக்கலாம்.


அரைத்தூக்கம் | ஞாயிறு மாலை 5.02

அண்ணே, எடுக்கப் போறீங்களா? மனுஷன் ஞாயித்துக்கிழமை உக்காந்து திருத்தியிருக்காரு.


பில்_போடுறவன் | ஞாயிறு மாலை 5.09

நேற்று சனிக்கிழமை. :)

எடுக்கவும் இல்லை, இருக்கட்டும் என்று விடவும் இல்லை. புதுத் துண்டை இப்போதுதான் இறக்கி வைத்திருக்கிறேன். கிருஷ்ணமூர்த்தி, லக்ஷ்மி, ஸ்ரீதேவி, ஒரு வெற்றுப் பெயர், நடுவில் எமோஜியோடு ஒரு பெயர் என்று பட்டியல் போட்டாயிற்று. வேறு யார் பெயரைப் போடலாம், சுண்டக்காய் மேடம்?